உப்புக் காற்றில் நம் வீடு எத்தனை வருஷம் நிற்கும்?



தாம்பரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் போட்ட தகரக் கூரை பத்து வருஷம் ஆகியும் அப்படியே இருக்கிறது. அதே கடையில் அதே தகரத்தை வாங்கி வந்து கோவளத்தில் நாம் போட்டால் நாலைந்து மழைக்குள் ஓட்டை விழுந்து விடுகிறது. “நமக்கு மட்டும் ஏன் இப்படி? கடைக்காரன் ஏமாற்றி விட்டானா?” என்று குழுக் கூட்டங்களில் பலரும் கேட்கிறார்கள்.

பெரும்பாலும் கடைக்காரர் ஏமாற்றவில்லை. தகரம் ஒன்றுதான், காற்றுதான் வேறு. நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. உப்புக்கு ஏற்ற பொருள் எது, அது எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரியாமல் கடன் வாங்கி வேலை செய்தால், கடன் தவணை முடிவதற்குள் கூரை முடிந்து விடும். மறுபடி ஒரு கடன், மறுபடி ஒரு கூரை. மீன் விற்ற காசும் சித்தாள் வேலைக் கூலியும் துருவாகிக் கொட்டுகிறது. அதனால்தான் இந்த இதழில் கூரை, சுவர், காங்கிரீட் மூன்றையும் பற்றிப் பேசுகிறோம்.

உப்பு இரண்டு வழியில் வருகிறது

முதல் வழி காற்று. அலை உடையும்போது சின்னச் சின்ன நீர்த்துளிகள் காற்றில் கலக்கின்றன. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு மிஞ்சி, வீட்டுக் கூரை, சுவர், ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் படிகிறது. கரைக்குப் பக்கத்தில் இது மிக அதிகம். உள்ளே போகப் போக வேகமாகக் குறைந்து விடும். கடலைப் பார்த்த முதல் வரிசை வீடும், நாலு தெரு தள்ளியுள்ள வீடும் ஒரே ஊரில் இருந்தாலும் ஒரே கணக்கு ஆகாது.

இரண்டாவது வழி நிலம். நிலத்தடி நீரில் உப்பு இருக்கும் இடத்தில் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல செங்கல் தண்ணீரை மேலே இழுக்கும். தண்ணீர் காய்ந்து போகும், உப்பு சுவருக்குள்ளேயே தங்கி மணியாகக் கட்டிக்கொள்ளும். கட்டும்போது இடம் போதாமல் பூச்சைத் தள்ளும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் பொரிந்து மாவாகக் கொட்டுவது இதனால்தான்.

உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே மாதிரி கூரையில் படிந்த உப்பும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாவிட்டாலும் இரும்பு நனைந்தபடியே இருக்கும். துரு நிற்காமல் நடக்கும்.

கூரை: எது எத்தனை நாள்?

தென்னங்கீற்று: ஒன்று முதல் இரண்டு வருஷம். பனை ஓலை நன்றாக வேய்ந்தால் மூன்று நான்கு வருஷம் வரும். உப்பு இதை ஒன்றும் செய்வதில்லை. உள்ளே குளிர்ச்சி. ஆனால் கறையான், காற்று, தீ மூன்றும் இதன் எதிரிகள். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் இறந்ததை நாம் மறக்க முடியாது. கீற்று வீட்டில் அடுப்பாவது தனியாக, கீற்று இல்லாத கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

மங்களூர் ஓடு: சுட்ட மண் என்பதால் துருப்பிடிக்காது. 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலிருந்தே கடற்கரை ஊர்களில் பெயர் வாங்கிய பொருள் இது. நன்றாக வெந்த ஓடு ஐம்பது வருஷம் தாண்டியும் இருக்கும். சரியாக வேகாத ஓடு மட்டும் உப்பில் செதில் செதிலாக உரியும். தட்டிப் பாருங்கள், ‘கணீர்’ என்று கேட்க வேண்டும். இங்கே பலவீனம் ஓட்டில் இல்லை, அதைத் தாங்கும் மரச் சட்டத்திலும் ஆணியிலும்தான். புயல் காற்று ஓட்டின் விளிம்பில் புகுந்து தூக்கி விடும். விளிம்பு வரிசை ஓடுகளைக் கம்பியால் கட்டுவதும் கலவை வைத்துப் பிடிப்பதும் அவசியம். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டு வந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். ஓடு, சுண்ணாம்புப் பூச்சு, மரச் சட்டம் எல்லாம் எப்படி வயதாகின்றன என்று நேரில் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே உள்ள இடம்.

தகர ஷீட்: இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாந்து போகிறோம். தகரம் என்பது இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசியது. துத்தநாகம் தன்னைத் தின்னக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். அது தீர்ந்ததும் இரும்புக்குப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது தகட்டின் கனத்தை மட்டும் அல்ல, எத்தனை கிராம் பூச்சு என்பதையும்.

120 கிராம் பூச்சு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம். ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 மைக்ரான் கனம் வரும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். ஐ.எஸ்.ஓ. 9223 என்ற உலகத் தர விதிப்படி, நடுத்தரமான காற்றுள்ள இடத்தில் வருஷத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை துத்தநாகம் கரையும். கடும் உப்புக் காற்றுள்ள கடற்கரையில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 8 மைக்ரான் பூச்சு உள்ளூர்ப் பகுதியில் நாலு வருஷம் முதல் பன்னிரண்டு வருஷம் வரை இருக்கும். கடற்கரையில் ஒன்று அல்லது இரண்டு வருஷம்தான். 275 கிராம் பூச்சுள்ள ஷீட் வாங்கினால் கடற்கரையில் இரண்டு முதல் நாலரை வருஷம் பூச்சு நிற்கும். பூச்சு போன பிறகு இரும்புத் தகடே அரிக்கத் தொடங்கும். மெல்லிய தகடு என்றால் இன்னும் சில வருஷத்தில் ஓட்டைதான். தாம்பரத்துத் தகரத்துக்கும் கோவளத்துத் தகரத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய ஷீட்டும் கிடைக்கிறது. பூச்சில் 55 சதவீதம் அலுமினியம். சாதாரணத் தகரத்தைவிட இரண்டு முதல் நாலு மடங்கு காலம் தாங்கக்கூடியது. அதன் மேல் கம்பெனியிலேயே பெயிண்ட் அடித்து வருவது இன்னும் நல்லது. வாங்கும்போது கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: “கேரண்டி அட்டையில் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று போட்டிருக்கிறதா?” பல கம்பெனிகள் கடலோர வீட்டுக்குக் கேரண்டி தருவதில்லை, அல்லது குறைத்துத் தருகின்றன. அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஷீட்டில் முதலில் போவது வெட்டிய விளிம்பும் ஆணித் துளையும். அடுத்தது, மழை படாத உள்பக்கமும் தாழ்வாரத்துப் பக்கமும். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் உண்மை. மழை மேல்பக்க உப்பைக் கழுவி விடுகிறது. அடிப்பக்கத்தைக் கழுவ யாரும் இல்லை.

சிமெண்ட் ஷீட்: இதை உப்பு அரிக்காது. இருபது முப்பது வருஷம்கூடக் கிடக்கும். ஆனால் இதில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த வகை உண்டு. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்து விட்டன. ஏற்கெனவே இந்த ஷீட் போட்ட வீட்டில் இருப்பவர்கள் பதற வேண்டாம். உடையாமல் இருக்கும் ஷீட்டைத் தொடாமல் விடுங்கள். அறுக்கும் தூசும், துளை போடும் தூசும், உடைந்த துண்டும்தான் ஆபத்து. கழற்ற வேண்டி வந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, முழு ஷீட்டாக இறக்குங்கள். துடைப்பத்தால் காய்ந்த தூசியைப் பெருக்காதீர்கள். குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் கல்நார் கலக்காத ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த ஷீட்டானாலும் சரி, புயலுக்குத் தாங்க வேண்டும். 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா, 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் இரண்டையும் நாம் பார்த்தவர்கள். துருப்பிடித்த ஒரு ஆணி போதும், ஷீட் பறந்து அடுத்த வீட்டுக்காரர் மேல் விழ. வருஷா வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்னே ஆணிகளையும் கொக்கி போல்ட்டுகளையும் பார்த்து மாற்றி விடுங்கள்.

சுவர்: கீழே இருந்துதான் நோய்

நம் ஊரில் சுவர் கெடுவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். ஆகவே பேஸ்மட்டம் போடும்போதே பாதி வெற்றி தோல்வி முடிவாகி விடுகிறது. கருங்கல் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. அதனால் அடித்தளத்துக்குக் கருங்கல் நல்லது. பேஸ்மட்டம் முடிந்து சுவர் எழும்பும் இடத்தில் ஈரத்தடுப்புப் பட்டை ஒன்று போட வேண்டும். நீர் புகாத மருந்து கலந்த கெட்டியான காங்கிரீட் பட்டை அது. “அதெல்லாம் பெரிய வீட்டுக்குத்தான்” என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. சின்ன வீட்டுக்குத்தான் அது முக்கியம். பிறகு சரிசெய்ய நம்மிடம் பணம் இருக்காது.

செங்கல்லைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறோம். காய்ந்த செங்கல்லைத் தராசில் நிறுத்துங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்து, எடுத்துத் துடைத்து மறுபடி நிறுத்துங்கள். சாதாரண செங்கல்லுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடை கூடக்கூடாது என்பது இந்தியத் தர விதி. மூன்று கிலோ கல் 3 கிலோ 600 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் குடிக்கிற கல், உப்புத் தண்ணீரையும் அப்படியே குடிக்கும்.

ஏற்கெனவே பொரிந்த சுவருக்கு என்ன செய்வது? பெரும்பாலும் அதன் மேலேயே சிமெண்ட் பூச்சை அப்பி விடுகிறார்கள். ஆறு மாதம் அழகாக இருக்கும். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்கு மேலே ஏறி, இன்னொரு அடி உயரத்தில் மறுபடி பொரியும். சரியான வழி இது: கெட்ட பூச்சை, ஈரம் தெரியும் கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை கொத்தி எடுங்கள். வெயில் காலத்தில் நன்றாகக் காய விடுங்கள். வெளியே பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து, அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். பிறகு சுண்ணாம்புக் கலவைப் பூச்சுப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பது வெறும் அழகுக்காக மட்டும் அல்ல.

இதே வைத்தியம்தான் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் நடக்கிறது. பல்லவர் கட்டி 1200 வருஷத்துக்கு மேல் ஆன கருங்கல் கோயில். கருங்கல்லையே உப்புக் காற்று அரித்து, சிற்பங்களின் முகம் மழுங்கி விட்டது. தொல்லியல் துறையினர் நனைத்த காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, கல்லில் உள்ள உப்பு கூழுக்கு வந்ததும் உரித்து எடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் வளர்த்தார்கள். கடல் பக்கமாக நாலு மரம் இருந்தால் நம் வீட்டுக்கும் உப்பு குறையும். தனியாக முடியாவிட்டால் தெருவாகச் சேர்ந்து நடலாம்.

காங்கிரீட்: கல் போல் தெரியும், உள்ளே துரு

“காங்கிரீட் வீடு என்றால் கவலையில்லை” என்று நினைக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரத்தில் கட்டிய வீடுகளுக்கு இப்போது இருபது வயது ஆகிறது. பல ஊர்களில் மேல்தளக் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. காங்கிரீட் தரமாக இருந்தால் ஐம்பது வருஷமும் நிற்கும். தரமில்லாவிட்டால் பதினைந்து வருஷத்தில் தலையில் கொட்டும். காரணம் உள்ளே இருக்கும் கம்பி.

நல்ல சிமெண்ட் கம்பியைச் சுற்றி ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. உப்பு உள்ளே புகுந்தால் அந்தப் படலம் உடைகிறது. துரு, இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து உப்பிக் காங்கிரீட்டை வெடிக்க வைக்கும். ஆகவே உப்பு கம்பிவரை போகாமல் தடுப்பதுதான் எல்லாமே. அதற்கு நாலு விஷயம் பாருங்கள்.

ஒன்று, தண்ணீர். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர விதி 456. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைக் கலவைக்கும் விடாதீர்கள், காங்கிரீட்டை நனைத்து வைக்கவும் விடாதீர்கள். சந்தேகம் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கலாம்.

இரண்டு, மணல். கடல் மணல் எந்த வேலைக்கும் வேண்டாம். உப்போடு வரும் மணல், துருவை நாமே விலை கொடுத்து வாங்கி உள்ளே வைப்பது போல. கடற்கரையில் மணல் அள்ளுவது சட்டப்படியும் குற்றம்.

மூன்று, கம்பிக்கு மேல் உள்ள காங்கிரீட்டின் கனம். இதைக் கவர் என்பார்கள். கடற்கரைக் காற்று நேராகப் படும் இடத்தில் 45 மில்லிமீட்டரும், உப்புக் காற்று நேராகப் படாத இடத்தில் 30 மில்லிமீட்டரும் வேண்டும் என்கிறது அதே விதி. பல வேலைகளில் 15, 20 மில்லிமீட்டர்தான் விடுகிறார்கள். கம்பிக்கு அடியில் உடைந்த ஜல்லியை வைப்பார்கள், அது நகர்ந்து விடும். கவர் பிளாக் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மிகக் குறைந்த செலவு, மிகப் பெரிய லாபம்.

நாலு, கலவையில் ஊற்றும் தண்ணீரின் அளவு. கடற்கரை வேலைக்குச் சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர். பதினைந்து லிட்டர் குடமானால் ஒன்றரைக் குடம். மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவு. அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் காய்ந்து போகும்போது கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுப் போகும். அந்தத் துளை வழியாகத்தான் உப்பு உள்ளே நுழைகிறது.

இந்த நாலாவது விஷயம் நம் கையில்தான் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் சித்தாள் வேலைக்குப் போகிறோம்! கலவை கெட்டியாக இருக்கிறது, இன்னும் ஒரு குடம் ஊற்று என்று மேஸ்திரி சொன்னால் ஊற்றி விடுகிறோம். தள்ளுவதற்குச் சுலபம்தான், ஆனால் அந்தக் கூரையின் கீழ் தூங்கப்போவது ஒரு குடும்பம். கேட்கலாம், சொல்லலாம், தப்பில்லை.

தளம் போட்ட பிறகு குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினாலு நாள், நல்ல தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டும் ஸ்லாக் சிமெண்டும் உப்பைத் தடுக்க நல்லவை. ஆனால் அவற்றுக்கு நனைப்பு இன்னும் அதிக நாள் வேண்டும்.

மேல்தளத்தில் பழுப்புக் கோடு, கம்பி போகும் திசையில் விரிசல், தட்டினால் டொப் டொப் என்ற சத்தம் இருந்தால் உள்ளே துரு தொடங்கி விட்டது என்று அர்த்தம். மேலே பூசி மறைக்காதீர்கள். அந்த இடத்தின் கீழே குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள், தொட்டில் கட்டாதீர்கள். கெட்ட காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால்வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, மருந்தடித்து, நல்ல கலவை வைத்து மூட வேண்டும். கம்பி பாதி மெலிந்திருந்தால் என்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாமல் எதுவும் செய்யாதீர்கள்.

வருஷக் கணக்கு போடுங்கள்

விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். விலையை வருஷத்தால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு கூரைக்கு 40,000 ரூபாய், ஐந்து வருஷம் வரும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8,000. இன்னொரு கூரைக்கு 65,000 ரூபாய், பதின்மூன்று வருஷம் வரும் என்றால் வருஷத்துக்கு 5,000தான். முதலில் மலிவாகத் தெரிந்ததுதான் உண்மையில் விலை கூடியது. இதில் கழற்றிப் போடும் கூலி, மழையில் நனைந்த பாத்திரம் பண்டம் எல்லாம் இன்னும் சேரவில்லை.

அரசு வீடு கிடைத்தவர்களுக்கும் இது பொருந்தும். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்தப் பணத்தோடு நம் குழுக் கடனும் சேர்ந்தால்தான் பல வீடுகள் முடிகின்றன. பணம் இரண்டும் நம்முடையது. தரத்தைக் கேட்கும் உரிமையும் நம்முடையது.

வீட்டில் இப்போதே செய்யக் கூடியவை

மாதம் ஒரு முறை தாழ்வார அடிப்பக்கம், ஜன்னல் கம்பி, கேட் ஆகியவற்றை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மழை இல்லாத மாதங்களில் இது ரொம்ப முக்கியம்.

பெயிண்ட் அடிக்கும் முன் உப்பைக் கழுவி, காயவிட்டு, துருவைத் தேய்த்து எடுத்து, ப்ரைமர் அடித்து, பிறகு பெயிண்ட். உப்பின் மேல் அடித்த பெயிண்ட் கொப்புளம் போட்டு உரிந்து விடும்.

சுவர் ஓரம் தண்ணீர் தேங்க விடாதீர்கள். குளிக்கும் இடம், பாத்திரம் கழுவும் இடத்துத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வெளியே விடுங்கள்.

மாடியில் இலை தழை அடைத்து நீர் நிற்கிறதா என்று மழைக்கு முன் பாருங்கள்.

குழுவில் யாராவது வீட்டு வேலைக்குக் கடன் கேட்டால், கடன் கொடுக்கும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள்: கடலிலிருந்து வீடு எவ்வளவு தூரம்? ஷீட் என்றால் எத்தனை கிராம் பூச்சு? கலவைக்கு எந்தத் தண்ணீர்? கவர் பிளாக் உண்டா? இந்தப் பொருள் கடன் முடிந்த பிறகு எத்தனை வருஷம் நிற்கும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இது அந்த அக்காவைச் சந்தேகப்படுவதற்காக இல்லை. மேஸ்திரி முன்னாலும் கடைக்காரர் முன்னாலும் அவர் தனியாக நிற்காமல், குழுவே பின்னால் நிற்கிறது என்று காட்டத்தான்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் தெருவில் எந்தக் கூரை எத்தனை வருஷம் நின்றது என்று ஆளுக்கொன்று சொல்லி ஒரு தாளில் குறித்து அனுப்புங்கள். கோவளத்துக் காற்றுக்கு எது தாங்கும் என்பதைக் கடை விளம்பரத்தைவிட அந்தத் தாள் நன்றாகச் சொல்லும்.